ஆன்லைனில் வாங்கிய பொருளுக்கு யார் பொறுப்பு?

ஆன்லைன் வணிகம் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு குரல்கள் எப்போதும் கேட்கும். "அங்கே சட்டமும் கிடையாது, சாட்சியும் கிடையாது, ஏமாந்தால் ஏமாந்ததுதான்" என்பது முதல் குரல். "அவ்வளவு பெரிய நிறுவனம், நம் காசுக்கா ஆசைப்படப் போகிறது?" என்பது இரண்டாவது. இரண்டிலும் உண்மை குறைவு. ஒரு பொருளை ஆர்டர் செய்தாலே ஒப்பந்தச் சட்டம், நுகர்வோர் சட்டம், பணப் பரிமாற்ற விதி, எல்லை தாண்டினால் சுங்க விதி என்று பலவும் அதன்மேல் வந்து விழுகின்றன. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. அதேபோல, தளம் பெரியது என்பதாலேயே அதில் வாங்கும் பொருளுக்கு அது பொறுப்பேற்றுக்கொள்ளும் என்றும் சொல்ல முடியாது.

"இந்தத் தளம் நம்பகமானதா?" என்று கேட்கும்போது நான்கு கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டிக் கேட்கிறோம். விற்பது யார்? கொடுத்த பணம் இப்போது யார் கையில் இருக்கிறது? பொருள் சரியில்லை என்றால் யாரைப் பிடிப்பது? விற்றவர் வேறு நாட்டில் இருந்தால் எந்த நாட்டுச் சட்டம் செல்லும்? பெரும்பாலோர் வழுக்குவது முதல் கேள்வியில்தான். அதனால் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

## திடலும் கடையும்

ஒரு பெரிய சந்தைத் திடலை நினைத்துக்கொள்ளுங்கள். திடலுக்குச் சொந்தக்காரர் ஒருவர். அவர் எதையும் விற்பதில்லை. இடம் பிரித்துக் கொடுப்பார், வாடகை வாங்குவார், விளக்குப் போடுவார், வாசலில் காவலுக்கு ஆள் வைப்பார். உள்ளே கடை போட்டிருப்பவர்கள் ஆயிரம் பேர். வாங்கிய வாளி ஓட்டை என்றால் நீங்கள் போய்ச் சண்டை போடுவது வாளிக்கடைக்காரரிடம். திடல்காரரிடம் போனால், "நான் இடம் கொடுத்தவன், அவ்வளவுதான்" என்பார். அதில் நியாயமும் இருக்கிறது.

இப்போது அந்தத் திடல்காரர் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறார். எல்லாக் கடைகளுக்கும் தன் பெயரையே பலகையாக மாட்டுகிறார். கல்லாவை ஒன்றாக்கித் தானே பணம் வாங்குகிறார். சரக்கைத் தன் கிடங்கில் வைத்து, தன் பெயர் அச்சிட்ட பெட்டியில் போட்டு, தன் ஆள் மூலம் அனுப்புகிறார். எந்தக் கடை உங்கள் கண்ணில் முதலில் படவேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்கிறார். வாசலுக்கு அருகில் சொந்தமாக ஒரு கடையும் போட்டுவிடுகிறார். கடைக்காரரின் முகத்தையே நீங்கள் பார்ப்பதில்லை. இந்த நிலையிலும் "நான் இடம் கொடுத்தவன்" என்ற பழைய பதில் செல்லுமா? மின்வணிக ஒழுங்குமுறை பற்றிய விவாதத்தில் முக்கால் பங்கு இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகிறது.

இங்கே ஒரு சொல்லை வரையறுத்துவிடலாம். வெளி விற்பனையாளர்கள் பலர் தங்கள் பொருளை விற்க இடம் தரும் இணையதளத்தைச் சந்தைத் தளம் என்போம். தானே சரக்கை வாங்கித் தானே விற்கும் இணையக் கடை வேறு. பெரிய தளங்களில் பல, இரண்டு வேலையையும் ஒரே பக்கத்தில் செய்கின்றன. அமேசானில் விற்கும் பொருட்களில், எண்ணிக்கைப்படி பாதிக்கு மேல் வெளி விற்பனையாளர்களுடையவை. வாங்குபவர்கள் அதை உணர்வதே இல்லை. எல்லாம் ஒரே எழுத்துருவில், ஒரே மஞ்சள் பொத்தானுக்குக் கீழே இருக்கின்றன.

உணர வைக்கும் இடம் ஒன்று உண்டு. விலைக்கும் வாங்கும் பொத்தானுக்கும் பக்கத்தில், சிறிய எழுத்தில், 'விற்பவர்' என்றும் 'அனுப்புபவர்' என்றும் இரண்டு வரிகள் இருக்கும். இரண்டிலும் தளத்தின் பெயரே இருந்தால் விற்பது தளம். முதலாவதில் வேறு பெயரும் இரண்டாவதில் தளத்தின் பெயரும் இருந்தால், சரக்கு அந்த வேறு ஆளுடையது. தளம் கிடங்கும் வண்டியும் மட்டும் தருகிறது. இரண்டிலுமே வேறு பெயர் என்றால் தளம் இடமும் கல்லாவும் மட்டுமே. பொருள் கெட்டுப்போய்ச் சண்டை வரும் நாளில் இந்த இரண்டு வரிகள்தான் முதல் ஆதாரம்.

இதுவரை பார்த்தது: தளம் வேறு, விற்பனையாளர் வேறு. ஒரே நிறுவனம் இரண்டு வேடத்திலும் வரலாம். நீங்கள் போடும் ஒப்பந்தம் பெரும்பாலும் விற்பனையாளரோடுதான்.

## அறுந்துபோன கழுத்துப்பட்டை

இதெல்லாம் ஏட்டுச் சண்டை என்று தோன்றலாம். ஒரு வழக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பெண், 2014 டிசம்பரில் அமேசான் வழியாகத் தன் நாய்க்கு ஒரு கழுத்துப்பட்டை வாங்கினார். அடுத்த மாதம் நாயை நடக்க அழைத்துப்போனபோது நாய் திமிறியது. பட்டையிலிருந்த உலோக வளையம் உடைந்தது. நீண்டு சுருங்கும் கயிறு சுண்டித் திரும்பி அவர் முகத்தில் அடித்தது. ஒரு கண்ணில் பார்வை நிரந்தரமாகப் போய்விட்டது. விற்றது ஒரு வெளி விற்பனையாளர். வழக்குக்காகத் தேடியபோது அந்த விற்பனையாளரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

விற்றவர் மறைந்துவிட்டார். தளம், "நான் விற்கவில்லை" என்றது. அப்படியானால் கண்ணை இழந்தவருக்கு யார் பதில் சொல்வது? கீழ் நீதிமன்றம் தளத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2019 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மூவரில் இருவர் பெரும்பான்மையில், பென்சில்வேனியச் சட்டப்படி தளமும் விற்பனையாளர்தான் என்றது. அது சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியம்: வாங்குபவரும் விற்பவரும் தளத்தைத் தாண்டி நேரடியாகப் பேசிக்கொள்ளத் தளத்தின் விதிகளே இடம் தருவதில்லை, ஆபத்தான பொருளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும் ஆற்றல் தளத்துக்கு முழுமையாக இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. மறுவிசாரணைக்காக அது விலக்கப்பட்டது, கேள்வி மாநில உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது, அங்கே பதில் வருவதற்குள் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. கேள்வி அப்படியே நின்றது.

தளங்கள் இவ்வளவு காலம் எப்படித் தப்பின என்றால், இணையத்தின் தொடக்க காலச் சட்டங்கள் அவற்றுக்கு ஒரு கவசம் கொடுத்திருந்தன. பிறர் போடும் தகவலுக்கு, அது சட்டவிரோதம் என்று தெரியாதவரை, தளம் பொறுப்பல்ல. தெரிந்ததும் நீக்கிவிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டில் வகுத்த விதியின் சாரம். இதைப் பொறுப்பு விலக்கு என்று அழைப்போம். கருத்துகளையும் படங்களையும் தாங்கி நிற்கும் தளங்களை மனதில் வைத்து எழுதிய விதி அது. பிறகு சார்ஜரும் பொம்மையும் மின்விசிறியும் அதே குடைக்குள் வந்து நின்றுகொண்டன.

அந்தக் குடை இப்போது சுருங்கி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் கொண்டுவந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம் விலக்கை ரத்து செய்யவில்லை. ஆனால் ஒரு கூர்மையான நிபந்தனையைச் செருகியது. பொருளைத் தளமோ தளத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவரோதான் தருகிறார் என்று ஒரு சராசரி நுகர்வோர் நம்பும்படி பக்கத்தை அமைத்திருந்தால், நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் பொறுப்பில் விலக்கு கிடைக்காது. எல்லாக் கடைக்கும் தன் பெயரை மாட்டிவிட்டு நழுவ முடியாது என்று பொருள். அந்தச் சட்டமே இன்னொன்றையும் கேட்கிறது: விற்பனையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி, அடையாள ஆவணம், வங்கிக் கணக்கு, பதிவெண் ஆகியவற்றைப் பெற்று, இயன்றவரை சரிபார்த்த பிறகே அவருக்கு இடம் தரவேண்டும். கழுத்துப்பட்டை விற்றவர் போல யாரும் காற்றில் கரைந்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம்.

மற்ற நாடுகளும் வெவ்வேறு வழியில் அதே திசையில் போகின்றன. பொருள் ஆபத்தானது என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், நடவடிக்கை எடுக்காத தளம் விற்பனையாளரோடு சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்கிறது 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சீனாவின் மின்வணிகச் சட்டம். இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் விற்பனையாளர் விவரத்தைக் காட்டச் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் சொல்கின்றன. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூலையில், தன் கிடங்கில் வைத்து அனுப்பும் வெளிச் சரக்குகளைப் பொறுத்தவரை அமேசான் சட்டப்படி ஒரு விநியோகஸ்தர் என்று முடிவு செய்தது. விநியோகஸ்தர் என்றால், ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறும் கடமையும் உண்டு.

சுருக்கிச் சொன்னால், 'யார் பொறுப்பு' என்பதற்கு உலகம் முழுவதற்கும் ஒரே பதில் இல்லை. ஆனால் பணத்தையும் பெட்டியையும் கையாளும் தளம், முன்பு போல முழுதாகக் கைகழுவ முடிவதில்லை.

## முகம் தெரியாதவரை எப்படி நம்புகிறோம்?

பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒன்றை விளக்கினார். காரின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாததால் வாங்குபவர் சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. அவர் சந்தையை விட்டுப் போய்விடுவார். அவர் போகப் போகச் சராசரி இன்னும் கீழே இறங்கும். கடைசியில் மிஞ்சுவது ஓட்டை உடைசல்தான். இதற்காக அவருக்கு 2001-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கும் இந்த நிலைக்குத் தகவல் ஏற்றத்தாழ்வு என்று பெயர்.

பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாத, விற்பவரின் கண்ணைப் பார்க்க முடியாத ஆன்லைன் சந்தை, இந்தக் கணக்குப்படி முளையிலேயே செத்திருக்க வேண்டும். சாகவில்லை என்றால், யாரோ முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த முட்டுகளில் வலுவானது எது என்பதில்தான் பொதுவான கணிப்பு தவறிப்போகிறது. வாங்கியவர்கள் மதிப்பெண்ணாகப் போடும் நட்சத்திரங்கள்தான் நம்பிக்கையின் அடித்தளம் என்று பலரும் நினைக்கிறார்கள். என் கணிப்பில், பணம் எங்கே நிறுத்தி வைக்கப்படுகிறது என்பதே அதைவிடப் பெரியது.

சீனாவில் 2003-இல் தாவோபாவ் சந்தைத் தளம் தொடங்கியபோது, 'முதலில் பணமா, முதலில் பொருளா' என்ற இழுபறிதான் முட்டுக்கட்டை. அதைத் தீர்க்கத்தான் பின்னாளில் அலிபே என்று பெரிதாக வளர்ந்த ஏற்பாடு பிறந்தது. வாங்குபவர் கொடுக்கும் பணம் நடுவில் நிற்கும். பொருள் வந்து, சரியாக இருக்கிறது என்று அவர் உறுதி செய்தபின் விற்பவருக்குப் போகும். நடுவர் கையில் பணத்தை நிறுத்தும் இந்த முறைக்கு எஸ்க்ரோ என்று பெயர். இங்கே விற்பவர் நல்லவரா என்று நீங்கள் ஆராய வேண்டியதில்லை. ஏமாற்றினால் அவருக்குக் காசு வராது, அவ்வளவுதான். "தளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பிவிடுங்கள், விலை குறைத்துத் தருகிறேன்" என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அவர் உங்களைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்வது இந்தக் கவசத்தைத்தான்.

கார்டில் கட்டுபவர்களுக்கு இன்னொரு பிடி உண்டு. பொருள் வரவில்லை, அல்லது சொன்னபடி இல்லை என்றால், கார்டு கொடுத்த வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்ப இழுக்கலாம். இதைச் சார்ஜ்பேக் என்பார்கள். பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்றவரோடு சேர்ந்து கார்டு நிறுவனமும் சட்டப்படி பொறுப்பு. அந்தச் சட்டம் 1974-இல் வந்தது. இணையக் கடை என்று ஒன்று வரும் என்று யாரும் கனவு காணாத காலத்தில் எழுதிய ஒரு பிரிவு, இன்றைய ஆன்லைன் வாடிக்கையாளருக்குப் பல புதுச் சட்டங்களைவிட அதிகமாகக் கைகொடுக்கிறது.

இனி நட்சத்திரங்கள். அமெரிக்கச் சந்தைத் தளமான இபே தொடக்கத்திலேயே, வாங்குபவரும் விற்பவரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. வாங்கியவர் குறை எழுதினால், விற்றவர் பதிலுக்கு அவர்மேல் குறை எழுதினார். இந்தப் பழிக்குப் பழிக்குப் பயந்து வாங்கியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மதிப்பெண்கள் எல்லாம் பொன்னாக மின்னின, அதிருப்தி மட்டும் வெளியே தெரியவில்லை. 2008-இல் இபே விதியை மாற்றி, வாங்கியவர்மீது விற்பனையாளர் எதிர்மறை மதிப்பெண் போட முடியாது என்றது. விற்பனையாளர்கள் கொதித்தார்கள். மதிப்பெண் முறை நடுநிலையான தராசு அல்ல, யாருக்கு எந்த அதிகாரம் என்று யாரோ உட்கார்ந்து வகுத்த விதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

போலி மதிப்புரை என்பது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. காசு கொடுத்து எழுத வைப்பது ஒரு வகை. இன்னும் தந்திரமானது, நல்ல பெயர் எடுத்த ஒரு பழைய பொருளின் பக்கத்திலேயே படத்தையும் தலைப்பையும் மாற்றிப் புதுப் பொருளை உட்கார வைப்பது. பழைய பாராட்டுகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். ஹெட்போன் பக்கத்தில் "என் குழந்தைக்குச் சரியாகப் பொருந்தியது" என்று ஒரு மதிப்புரை கண்ணில் பட்டால் காரணம் இதுதான். அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல், போலி மதிப்புரைகளை விற்பதும் வாங்குவதும் அபராதத்துக்குரிய குற்றமாக மத்திய வணிக ஆணையத்தின் விதியில் இடம்பெற்றுள்ளது. ஐரோப்பாவில் 2022 மே மாதம் முதல், மதிப்புரை எழுதியவர் உண்மையிலேயே பொருளை வாங்கியவரா என்று சரிபார்க்கிறீர்களா, எப்படி என்று தளம் சொல்லியாக வேண்டும்.

அதே சமயம் வந்த இன்னொரு ஐரோப்பிய விதி எனக்குப் பிடித்தமானது. தள்ளுபடி என்று அறிவித்தால், ஒப்பிட்டுக் காட்டும் பழைய விலை, முந்தைய 30 நாட்களில் இருந்ததிலேயே குறைந்த விலையாக இருக்க வேண்டும். விற்பனைத் திருவிழாவுக்கு முந்தின வாரம் விலையை ஏற்றி, திருவிழா அன்று 'பாதி விலை' என்று இறக்கும் வித்தை இந்த ஒரு வரியில் செல்லாக்காசாகிவிட்டது.

பக்கத்தின் வடிவமைப்பாலேயே ஆளைச் சிக்க வைப்பது இன்னொரு வகை: ஓடும் கடிகாரம், "இன்னும் 2 மட்டுமே உள்ளது", கூடையில் தானாக ஏறும் காப்பீடு, சேர ஒரு சொடுக்கும் விலக ஏழு பக்கமும் வைக்கும் சந்தா. பிரிட்டனைச் சேர்ந்த ஹாரி பிரிக்னல் 2010-இல் இவற்றுக்கு வைத்த பெயரைத்தான் தமிழில் இருண்ட வடிவமைப்பு என்கிறோம். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இதில் 13 வகைகளைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன.

ஆக, நம்பிக்கைக்கு முட்டுக் கொடுப்பவை பணத்தை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு, வங்கி வழி மீட்பு, மதிப்பெண், இவற்றின்மேல் ஒரு சட்டக் கூரை. முதல் இரண்டும் ஆளின் குணத்தை நம்பி நிற்பவை அல்ல. மதிப்பெண் மட்டும் அதை நம்பி நிற்கிறது.

## திருப்பி அனுப்புவது வேறு, குறைக்குப் பொறுப்பு வேறு

அதிகமாகக் குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு உரிமைகளை இங்கே பிரித்துவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருட்களை, கைக்கு வந்த 14 நாட்களுக்குள், காரணமே சொல்லாமல் திருப்பிவிடலாம். பொருளில் குறை இருக்க வேண்டியதில்லை; மனம் மாறியது போதும். கடையில் தொட்டுப் பார்த்து வாங்கும் வாய்ப்பு இல்லாததற்கு ஈடு இது. இதற்கு விலகல் உரிமை என்று பெயர். பல நாடுகளில் இது சட்டமாக இல்லை. தளம் தன் விருப்பத்தால் தரும் சலுகையாகத்தான் இருக்கிறது.

பொருளில் குறை இருந்தால் வருவது வேறு உரிமை. ஐரோப்பாவில் அதற்குக் குறைந்தது 2 ஆண்டுக் காலம் உண்டு. "திருப்பி அனுப்பும் நாள் முடிந்துவிட்டது" என்று வாடிக்கையாளர் சேவையில் சொல்லும்போது பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். முடிந்தது முதல் உரிமையின் கெடு. இரண்டாவது உரிமை அப்படியே இருக்கிறது.

இந்த உரிமைகளைப் பெறப் பெரும்பாலோர் நீதிமன்றம் போவதில்லை. தளத்தின் புகார்ப் பெட்டிக்குப் போகிறார்கள். இபே தளத்தில் ஆண்டுக்கு ஆறு கோடி தகராறுகள் தீர்க்கப்பட்டதாக அந்த அமைப்பை உருவாக்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எந்த நாட்டு நீதித்துறையும் சிறு வழக்குகளை இந்த வேகத்தில் பார்ப்பதில்லை. நாம் 'வாடிக்கையாளர் சேவை' என்று அழைப்பது, அளவில் பார்த்தால், ஒரு தனியார் நீதிமன்றம். அதற்கு மாற்றாக அரசு அமைத்தவை அவ்வளவாக ஓடவில்லை: ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் திறந்த இணையவழித் தகராறு தீர்ப்புத் தளத்தைப் பயன்படுத்துவோர் குறைவு என்று 2025 ஜூலையில் மூடிவிட்டது.

தனியார் நீதிமன்றத்தில் விற்பனையாளரும் ஒரு கட்சிக்காரர் என்பதை மறக்கக் கூடாது. ஒரு காலையில் கணக்கு முடக்கப்பட்டிருக்கும், காரணம் தெரியாது, கேட்டால் தானியங்கிப் பதில் வரும். சிறு வியாபாரிக்கு அது கடைக்குப் பூட்டுப் போட்டது போலத்தான். 2020 ஜூலை முதல் ஐரோப்பாவில், ஒரு விற்பனையாளரை முழுதாக நீக்குவதென்றால், பொதுவாக 30 நாட்களுக்கு முன்பே காரணத்தோடு அறிவிக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்பு என்ற பேச்சில் இந்தப் பக்கம் அடிக்கடி விடுபட்டுப் போகிறது.

## எல்லை தாண்டும் பார்சல்

விற்பவர் வேறு நாட்டில் இருந்தால் எந்தச் சட்டம்? தளத்தின் விதிமுறைகளில் ஏதோ ஒரு தூர தேசத்தின் பெயர் எழுதியிருக்கும். அதுவே முடிவு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் அப்படியில்லை: விற்பவர் உங்கள் நாட்டை நோக்கி வணிகம் செய்திருந்தால், உங்கள் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது. 'நோக்கி' என்பதை எப்படி அறிவது? ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல் சில அடையாளங்களைச் சொன்னது: வேற்று நாட்டு மொழியில் பக்கம், அந்நாட்டு நாணயத்தில் விலை, நாட்டுக் குறியீட்டோடு தொலைபேசி எண், இணைய முகவரியின் கடைசிப் பகுதி. தளம் உங்கள் கண்ணில் படுகிறது என்பது மட்டும் போதாது.

உலக அளவில் நுகர்வோர் நீதிமன்றம் எதுவும் இல்லை. ஆன்லைனில் வாங்குபவருக்கு மற்ற வணிகத்தில் கிடைப்பதைவிடக் குறைந்த பாதுகாப்பு இருக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகளின் நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டி, 2015 திருத்தத்தில், சொல்கிறது. வழிகாட்டிதான், மீறினால் தண்டனை கிடையாது.

வணிக விதிகளில் ஒரு பெரிய தவறான புரிதலை இங்கே தீர்த்துவிடலாம். "உலக வர்த்தக அமைப்பு மின்வணிகத்துக்குச் சுங்க வரி போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறது, பிறகு ஏன் என் பார்சலுக்கு வரி?" என்று கேட்பவர்கள் உண்டு. 1998-இல் உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டது மின்னணுப் பரிமாற்றங்களுக்குச் சுங்கம் விதிக்காத வழக்கத்தைத் தொடர்வது பற்றி. இறக்கிக்கொள்ளும் மென்பொருள், பாட்டு, மின்னூல் போன்றவை அவை. ஆன்லைனில் ஆர்டர் செய்து பெட்டியில் வரும் சட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெட்டியில் வருவது எப்படி ஆர்டர் செய்யப்பட்டாலும் சரக்குதான்.

அந்த ஒப்புதலும் நிரந்தரமானதல்ல. மாநாட்டுக்கு மாநாடு நீட்டிக்கப்பட்டு வந்தது. இந்தியா, தென்னாப்பிரிக்கா, இந்தோனேசியா போன்றவை வருவாய் இழப்பைச் சொல்லி எதிர்த்தன. இந்தோனேசியா 2018-இல் டிஜிட்டல் பொருட்களுக்கென்று சுங்க அட்டவணையில் ஒரு தனிப் பிரிவையே திறந்து, விகிதத்தை மட்டும் பூஜ்யமாக வைத்தது. 2024 அபுதாபி மாநாட்டில், அடுத்த மாநாடு அல்லது 2026 மார்ச் 31, எது முந்தியதோ அதுவரை என்று கெடு வைத்தார்கள். இதற்கிடையே ஒரு பகுதி நாடுகள் 2019 முதல் தனியாகப் பேசி, மின்கையொப்பம், ஆன்லைன் நுகர்வோர் பாதுகாப்பு, வேண்டாத விளம்பர அஞ்சல் ஆகியவற்றை உள்ளடக்கிய ஓர் உடன்பாட்டு வாசகத்தை 2024 ஜூலையில் முடித்தன. அதில் அமெரிக்காவும் இல்லை, இந்தியாவும் இல்லை.

பெட்டிக்கு வரி உண்டு என்றால், சிறு பார்சல்கள் இவ்வளவு காலம் வரியில்லாமல் வந்தது எப்படி? குறைந்தபட்ச மதிப்பு விலக்கு என்ற ஏற்பாட்டால். வசூலிக்கும் வரியைவிட வசூலிக்கும் செலவு அதிகம் என்பதால், ஒரு தொகைக்குக் கீழே உள்ளவற்றை விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் அந்தத் தொகை 2016 முதல் 800 டாலராக இருந்தது. எப்போதோ ஒருமுறை வரும் பரிசுப் பொட்டலத்துக்காக வைத்த கதவு வழியே ஒரு வணிக முறையே நுழைந்தது: கப்பலில் மொத்தமாக அனுப்பி வரி கட்டாமல், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனிப் பொட்டலம். அஞ்சல் கட்டணமும் கைகொடுத்தது. நாடுகளின் அஞ்சல் துறைகள் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும் கட்டணத்தில் வளரும் நாடுகளுக்கு நீண்ட காலம் சலுகை இருந்ததால், உள்நாட்டில் அனுப்புவதைவிட வெளிநாட்டிலிருந்து அனுப்புவது மலிவாக இருந்த விந்தையும் உண்டு; உலக அஞ்சல் ஒன்றியம் 2019-இல் ஜெனீவாவில் கூடி அதை ஓரளவு சரிசெய்தது. ஐரோப்பா 22 யூரோ வரை இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1-இல் நீக்கியது. அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் விலக்கை நிறுத்தியது.

விலக்கைப் பற்றிய பேச்சு வரியோடு நின்றுவிடுகிறது. எனக்கு அதைவிடக் கவலை தருவது சோதனை. கொள்கலனில் மொத்தமாக வரும் பொம்மைக்கு இறக்குமதியாளர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் பாதுகாப்புச் சான்று காட்ட வேண்டும். தனிப் பொட்டலமாக வரும்போது, சட்டத்தின் கண்ணில் இறக்குமதியாளர் பெரும்பாலும் நீங்கள்தான். 2024-இல் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 150 யூரோவுக்குக் குறைந்த பார்சல்கள் 460 கோடி வந்தன, நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.2 கோடி. எந்தச் சுங்க மேசையாலும் இத்தனையைத் திறந்து பார்க்க முடியாது. அதனால் 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொதுப் பொருள் பாதுகாப்பு விதி, சோதனையை எல்லையிலிருந்து நகர்த்தி, பொருள் பட்டியலில் ஏறும் இடத்திலேயே வைக்க முயல்கிறது: விற்பவர் எங்கே இருந்தாலும், ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்கும் ஒருவர் இருக்க வேண்டும், அவர் பெயரும் முகவரியும் பொருளின் பக்கத்திலேயே தெரிய வேண்டும். அந்த முகவரியில் ஓர் அலுவலகம் இருக்கிறதா, அல்லது நூறு நிறுவனங்களுக்குப் பெயர் வாடகைக்கு விடும் ஒரு தபால் பெட்டி மட்டும்தான் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது இனி கண்காணிப்பு அதிகாரிகளின் வேலை.